கீபோர்டின் வலப்பக்க எண்கள் மேல்வரிசையின் நகல் அல்ல
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலைக்குப் போகும் மகளுக்கு எந்தக் கீபோர்டு வாங்கலாம் என்று அக்கா கேட்டிருந்தார். "வலப்பக்க எண்கள் மேல்வரிசையின் நகல்தான், அது இல்லாத சின்னதே போதும்" என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள், அண்ணே. கடிதம் மட்டும் அடிப்பவருக்குச் சரி. இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது.

செக்ரோலும் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) செம்பனைக் குலை எடையும் பதிகிறவர்களின் கையைக் கவனியுங்கள். இடது கை தாளைப் புரட்டும். வலது கையின் நடுவிரல் 5-இல் நிற்கும். அந்த விசையில் சின்னப் புடைப்பு இருப்பதே, கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல் இடம் தெரியத்தான். சென் கணக்குக்கான புள்ளியும், பதிவை முடிக்கும் என்டரும் அதே கைக்கு எட்டும். ஒரே வரியாகப் பரந்து கிடக்கும் மேல்வரிசையில் இந்த வேகம் வரவே வராது.

அப்புறம், நகல் என்பதே தவறு. கணினிக்கு இவை வேறு விசைகள். விண்டோஸில் நம் லாக் (Num Lock) விசையைப் போட்டு, ஆல்ட்டைப் பிடித்தபடி வலப்பக்கம் 0189 அடித்தால் ½ வரும். மேல்வரிசையில் அடித்தால் வராது. பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பானில், நம் லாக் அணைந்திருக்கும்போது இங்குள்ள 7, 8, 9 முந்தைய, நடப்பு, அடுத்த வரிகளை வாசிக்கும். அவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

அக்கா, சின்னதை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கவலை வேண்டாம். யூஎஸ்பியில் செருகும் தனி எண் விசைப்பலகை கிடைக்கிறது. மகள் இடது கைக்காரர் என்றால் அதை இடப்பக்கமே வைத்துக்கொள்ளலாம்.