கொழும்பில் மேடை, திருகோணமலையில் “நாளைக்கு வாங்கோ”

ஒரு புது ஸ்மார்ட்போன் எங்கள் ஊரில் ஓடுமா ஓடாதா என்று அறிய அதன் கேமராவைப் பார்க்கத் தேவையில்லை. அறிவித்த நாளுக்கும் பெட்டி கடை மேசைக்கு வந்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணினால் போதும். கொழும்பில் ஹோட்டல் மண்டபத்தில் விளக்குப் போட்டு அறிமுகம் செய்கிறார்கள். அந்த வீடியோ அன்றிரவே கிண்ணியாவிலும் மூதூரிலும் ஓடிவிடும். மறுநாள் மத்திய வீதிக் கடைகளில் கேள்வி வரும்: “அது வந்திட்டுதோ?” பதில்: “இன்னும் வரேல்ல, நாளைக்கு வாங்கோ.” மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு இதை இரண்டு தடவை சொல்லலாம். மூன்றாம் தடவை அவர் வரமாட்டார், பக்கத்துக் கடையில் கையோடு கிடைத்த வேறு மொடலை வாங்கிக்கொண்டு போயிருப்பார். மேடைக்குச் செலவழித்த காசு பக்கத்துக் கடை மொடலுக்கு விளம்பரமானதுதான் மிச்சம்.

இதற்கு அப்பிளைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. 2007 ஜனவரி 9 இல் முதல் ஐபோனைக் காட்டி ஜூன் 29 இல்தான் விற்றார்கள், கிட்டத்தட்ட ஆறு மாதம், ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்பார்கள். கெட்டுப்போக அப்பிளின் அலுமாரியில் பழைய போனே இருக்கவில்லை. காத்திருந்த சனம் வாங்காமல் விட்டது மற்றக் கொம்பனிகளின் போன்களை. நொக்கியா 2011 பெப்ரவரி 11 இல், இனி மைக்ரோசொஃப்டின் விண்டோஸ் போன் மென்பொருள்தான் எங்கள் வழி என்று அறிவித்தது. அந்த வழியில் வந்த லூமியா 800 கடைக்கு வர நவம்பர் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஒன்பது மாதமும் கடைகளில் கிடந்தது, கொம்பனியே கைகழுவப்போவதாகச் சொல்லிவிட்ட பழைய சிம்பியன் மென்பொருளில் ஓடும் போன். யார் வாங்குவது? எசென்ஷியல் என்ற கொம்பனி 2017 மே 30 இல் தன் முதல் போனைக் காட்டி 30 நாளில் தருவோம் என்றது. வந்தது ஓகஸ்ட் கடைசியில். 699 டொலர் போன் ஒக்டோபரிலேயே 499க்கு இறங்கியது.

எங்கள் நாட்டில் ஒரு போன் முறைப்படி விற்பனைக்கு வர, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும், இறக்குமதிப் பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் கடன் கடிதம் (எல்சி) திறக்க வேண்டும், சுங்கம் கழிய வேண்டும், பிறகு விநியோகஸ்தரின் களஞ்சியத்தில் பெட்டிகளைப் பதிந்து பிரிக்க வேண்டும். இதில் எந்த ஒன்று இழுபட்டாலும் மற்றதெல்லாம் பின்போகும். மண்டபம் பதிவு செய்த திகதி மட்டும் பின்போகாது! தூரத்தைக் காரணம் சொல்வதை ஏற்க முடியாது. கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் போட்ட பார்சல் விடியற்காலையில் வந்து நிற்கும். வராததற்குக் காரணம் பங்கீடு. முதல் தொகுதி கொழும்புப் பெருங்கடைகளுக்கும் இணையக் கடைக்கும் போய், மிஞ்சினால் கிழக்குக்கு.

அந்த இடைவெளியில் வெளிநாட்டிலிருந்து பையில் வந்த போன்கள் புகுந்துவிடும். கொம்பனி வாரண்டி இல்லை, ஆனால் கையில் இருக்கிறது, விலையும் குறைவு. (வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: *#06# அடித்தால் அந்தப் போனின் 15 இலக்க அடையாள எண் வரும். முன்னால் IMEI என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு குறுஞ்செய்தியாக அனுப்பி, முறையாகப் பதிந்த போன்தானா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.) அந்த விலை ஒரு தடவை ஊருக்குள் பரவிவிட்டால், பத்து நாள் கழித்து வரும் முறையான பெட்டி என்ன விலை சொன்னாலும் கொள்ளை விலையாகத்தான் தெரியும்.

பங்கீட்டில் நடக்கும் பிழையைக் கணக்காகவே பார்க்கலாம். மூன்று நிறம், இரண்டு சேமிப்பளவு என்றால் ஆறு வகை. திருகோணமலைக்கு 24 பெட்டி என்று வையுங்கள். களஞ்சியத்தில் ஆறால் வகுத்து வகைக்கு நாலு அனுப்பிவிடுவார்கள். நாலு கடைக்குப் பிரித்தால் ஒரு கடைக்கு ஒவ்வொரு வகையிலும் ஒன்று. கறுப்பு 256 ஜிபி முதல் நாள் மத்தியானத்துக்குள் முடியும். ஊதா 128 ஜிபி மூன்றாம் மாதமும் கண்ணாடிக்குள் இருந்து எல்லாரையும் பார்க்கும். கடைக்காரரின் முதலீடு ஊதாவில் முடங்கிக் கிடக்க, கறுப்புக்கு அடுத்த ஓடர் போடக் காசில்லை. கொழும்பில் உள்ள கணினியில் “திருகோணமலை மந்தம்” என்று விழும். அதைப் பார்த்து அடுத்த தடவை இன்னும் குறைத்து அனுப்புவார்கள். மந்தம் போனில் இல்லை, பெட்டியின் நிறத்தில்.

24 பெட்டியை நான் பிரிப்பதென்றால் ஆறு வகையைத் தொடவே மாட்டேன். கறுப்பு 256 ஜிபி 14, இரண்டாவது நிறத்தில் 256 ஜிபி 6, கறுப்பு 128 ஜிபி 4. மற்ற நிறங்கள் கேட்பவர் பெயரில் வரட்டும். அதிலும் 15 ஐ மட்டும் முதல் நாள் வெளியே விட்டு, 9 ஐ எட்டாம் நாளுக்குப் பிறகு எடுப்பேன். அந்த 9 இருக்க வேண்டியது இந்த ஊரில், கொழும்பில் அல்ல. இரண்டாம் வாரத்தில் வருகிறவர் மேடையைப் பார்த்து வருகிறவர் இல்லை. கலியாண வீட்டிலோ கந்தோரிலோ இன்னொருவர் கையில் பார்த்துவிட்டு வருகிறவர். அவருக்கு விளம்பரமே தேவையில்லை, பெட்டி மட்டும் போதும். அவருக்குத்தான் எப்போதும் “முடிஞ்சுது” என்ற பதில் கிடைக்கிறது.

கவரும் டெம்பர்ட் கிளாஸும் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் கடை வாசலில் ஒரு மணித்தியாலம் நின்று பார்க்க வேண்டும். லட்சம் ரூபா கொடுத்து வாங்கிய போனை வெறும் போனாக வெளியே கொண்டுபோக எங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கிளாஸ் ஒட்டிக் கவர் போட்ட பிறகுதான் அது வாங்கியதாகக் கணக்கு. புது மொடலின் கேமரா மேடு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தள்ளியிருந்தாலே பழைய மொடலின் கவர் பொருந்தாது. விளிம்பு வளைந்த திரை என்றால் சாதாரண கிளாஸ் ஓரத்தில் எழும்பிவிடும், அதற்குப் புற ஊதா விளக்கில் காயும் பசைக் கிளாஸ் வேண்டும், அதை ஒட்டத் தெரிந்த பொடியனும் வேண்டும். திரைக்குள் விரல்ரேகை வாங்கி இருக்கிற மொடலில் தடித்த கிளாஸை ஒட்டினால் விரல் வேலை செய்யாது; பழி போனில் விழும். ஆகவே 24 போனோடு 24 கவரும், பழுதாவதையும் சேர்த்து 40 கிளாஸும் அதே பார்சலில் வர வேண்டும். கூடவே தொட்டுப் பார்க்க ஒரு டெமோ போன், சிம்மும் டேற்றாவும் போட்டு. கண்ணாடிக்குள் பூட்டிவைத்த பிளாஸ்டிக் பொம்மையைக் காட்டி இரவுப் படம் எப்படி என்று விளக்க எந்தப் பொடியனாலும் முடியாது. மேடைச் செலவோடு பார்த்தால் இதெல்லாம் சில்லறைக் காசு.

விலைக்கு வருவோம். 1,00,000 ரூபாப் போனில் கடைக்கு 4,000 மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் கொம்பனி 8,000 குறைக்கிறது. கடையில் ஐந்து பெட்டி இருந்தால், எதிர்பார்த்த லாபத்தையும் சேர்த்து 40,000 போய்விடும். அதைப் பிடிக்க இன்னும் பத்துப் போன் விற்க வேண்டும், அந்தப் பத்தின் மிச்சமும் இதை அடைக்கத்தான் போகும். குறைப்பு நாளில் கையிருப்பில் உள்ள பெட்டிகளுக்கு வித்தியாசத்தைத் தருவோம் என்று கொம்பனி எழுத்தில் கொடுத்தால் கடைக்காரர் துணிந்து எடுப்பார். வாய்ச்சொல்லாக இருந்தால் ஒவ்வொன்றாகத்தான் ஓடர் போடுவார், திரும்பவும் “நாளைக்கு வாங்கோ”. முதல் விலையை ஏற்றி வைத்துப் பிறகு இறக்குகிற தந்திரத்தின் செலவு இப்படித்தான் கடைசியில் வந்து விழுகிறது. அப்பிளே 2007 செப்டெம்பரில் 599 டொலர் ஐபோனை 399 ஆக்கியபோது, முதலில் வாங்கியவர்களின் கோபத்தைத் தணிக்க தன் கடையில் பொருள் வாங்க 100 டொலர் வரவு கொடுக்க வேண்டி வந்தது. அமேசன் 2014 ஜூலையில் தன் ஃபயர் போனை இரண்டு வருட ஒப்பந்தத்தோடு 199 டொலருக்கு, ஒரே ஒரு வலையமைப்பில் மட்டும் விட்டது. கூகுள் பிளே இல்லாத போனுக்கு ஐபோன் விலை. செப்டெம்பரில் 99 சதம் ஆக்கினார்கள். அப்போதும் நகரவில்லை, 170 மில்லியன் டொலர் நட்டம் எழுதினார்கள். பிழையான முதல் விலையைப் பிந்திய கழிவால் கழுவ முடிந்ததை நான் கண்டதில்லை.

இங்கே இன்னொரு சிக்கல்: நாணயம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவுக்குச் சற்று மேலே இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரி 1 முதல் வற் 18 வீதமானதோடு அதுவரை விலக்கில் இருந்த போனும் அதற்குள் வந்தது. இதையெல்லாம் விளங்கப்படுத்த வேண்டிய ஆள் யார்? கவுண்டர்ப் பொடியன். அவனிடம் வருகிறவர் தமிழ்நாட்டு யூடியூப் விமர்சனத்தைப் பார்த்து, இந்திய ரூபாய் விலையை இலங்கை ரூபாவாகப் பெருக்கி மனதில் ஒரு தொகையோடு வருகிறார். அங்கே உள்ள வங்கிக் கழிவையும் பழைய போன் மாற்றுக் கழிவையும் கழித்த விலை அது. அந்தக் கழிவுகள் இங்கே வாங்குகிறவருக்குப் பொருந்தாது. அதோடு பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கிற சிப் ஒன்றாக இருக்காது: 2024 இன் கலக்ஸி எஸ் 24 அமெரிக்காவில் ஸ்னாப்டிராகனோடும் இந்தியாவில் எக்சினோஸோடும் வந்தது. இங்கத்தைப் பெட்டியை, இங்கத்தை விலையோடு, இங்கத்தைத் தமிழில் வீடியோ விமர்சனம் செய்யும் நாலு பேரிடம் இரண்டு வாரம் முன்னரே கொடுத்துவிட்டால் இந்தச் சண்டையில் பாதி இல்லை. ஏனோ அந்தப் பட்டியலில் கிழக்குப் பெயர்களைக் காண்பதே அரிது.

செயற்கைத் தட்டுப்பாடு பற்றிச் சுருக்கமாக. ஒன்பிளஸ் 2014 இல் அழைப்பிதழ் இருந்தால்தான் போன் என்று விற்று ஆவலைக் கிளப்பியது. இரண்டு வருடத்தில், ஒன்பிளஸ் 3 வந்தபோது, தானே அதைக் கைவிட்டது. இணையத்தில் வரிசை என்பது ஒரு பரபரப்பு. கடைத் தெருவில் வரிசை என்றால் வெயில்.

திகதியைத் தெரிவு செய்கிறவர்கள் எங்கள் பக்கத்து நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் பெரும்போக அறுவடைக் காசு பெப்ரவரி, மார்ச்சில் வரும். சிறுபோகத்தது ஓகஸ்ட், செப்டெம்பரில். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் கையில் காசு புழங்குவது சித்திரைக்குப் பிறகு செப்டெம்பர் வரை. நவம்பரிலிருந்து வாடைக் காற்று, கடல் கொந்தளிப்பு. மீன்பிடிக் குடும்பங்களில் அந்த மாதங்களில் போன் வாங்குகிற பேச்சே இல்லை, திரை மாற்றுகிற பேச்சுத்தான். நோன்புப் பெருநாள் வருடத்துக்கு ஏறத்தாழ 11 நாள் முன்தள்ளிக்கொண்டு வரும், ஆகவே போன வருடத்துத் திட்டத்தை அப்படியே எடுத்துப் போட முடியாது. மாதத்தில் 12 ஆம் திகதி வெளியிட்டு, சம்பளம் விழுகிற கடைசி வாரத்தில் கையிருப்பு இல்லாமல் நிற்பது வருடாவருடம் நடக்கிற கூத்து. மார்ச்சில் வரும் நடுத்தர விலை மொடல்கள் இங்கே நன்றாக ஓடுவதற்கு அறுவடையும் ஒரு காரணம். அதைத் தன் விளம்பரத்தின் வெற்றியாக எழுதிக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

இடைவெளியைக் குறைக்கச் சொல்வது அவசரப்படச் சொல்வது அல்ல. சாம்சங் கலக்ஸி நோட் 7 விற்பனைக்கு வந்தது 2016 ஓகஸ்ட் 19. செப்டெம்பர் 2 இல், பற்றரி தீப்பிடிப்பதால், ஏறத்தாழ 25 லட்சம் போன்களைத் திரும்ப அழைத்தார்கள். மாற்றிக் கொடுத்ததும் எரிந்தது. ஒக்டோபர் 11 இல் மொடலையே நிறுத்தினார்கள். முதல் பற்றரியில் ஒரு பிழை, மாற்றுப் பற்றரியில் வேறொரு பிழை என்று 2017 ஜனவரியில் அவர்களே விளக்கினார்கள்.

அந்தளவு போகாவிட்டாலும், முதல் தொகுதியில் சின்னச் சின்னப் பிழை வராத போன் இல்லை: சூடாவது, சிம் சிக்னல் விடுவது, திரையில் பச்சைக் கோடு. மென்பொருளில் தீருவதை ஓர் அப்டேற் தீர்க்கும், ஜிபிக் கணக்கில் டேற்றா தின்றாலும். கோடு விழுந்த திரையை என்ன செய்வது? கடையில் வாங்கிக் கொழும்புச் சேவை நிலையத்துக்கு அனுப்பி, அங்கே அந்த மொடலின் திரை இன்னும் வந்திறங்கவில்லை என்று மூன்று வாரம் வைத்திருப்பார்கள். அந்த மூன்று வாரமும் அந்த ஆள் பழைய போனோடு ஊரெல்லாம் திரிவார், கேட்கிற ஒவ்வொருவருக்கும் காரணத்தைச் சொல்லிக்கொண்டு. விற்கப்போகும் ஒவ்வொரு நூறு போனுக்கும் இரண்டு திரையும் ஒரு சார்ஜிங் போர்ட்டும் முதல் பார்சலோடேயே இந்த ஊருக்கு வந்து, திரை மாற்ற என்ன விலை என்று பெட்டி விலைக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருந்தால், நான் அந்த மொடலைத் துணிந்து பரிந்துரைப்பேன். இப்போதைக்கு அந்த விலை, முதல் திரை உடைந்த பிறகுதான் கொழும்புக்கு ஃபோன் போட்டுக் கேட்கப்படுகிறது.