காய்ச்சலில் இறங்கிய கொலஸ்ட்ரோலை நம்பிக் குளிசையை விடாதீர்கள்

"டெங்கு வந்துபோனால் கொலஸ்ட்ரோல் தானாகவே கரைந்துவிடும், அப்புறம் குளிசை வேண்டாம்" என்று ஒரு குரல் பதிவு மட்டக்களப்பு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. கல்லடியில் இருக்கும் என் மாமியே அதை நம்பிக் குளிசையை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். கேட்டதற்கு, கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார்: முன்பு 240, காய்ச்சலோடு 148.

எண் சரிதான், அர்த்தம்தான் வேறு. கடும் தொற்றின்போது அழற்சியால் ஈரல் கொழுப்பைக் கையாளும் விதமே மாறுகிறது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் இறங்கும், இரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைட் பெரும்பாலும் ஏறும். நல்ல கொழுப்பான எச்டிஎல்லும் சேர்ந்தே இறங்குகிறதே, அதைக் கவனியுங்கள். கொவிட்டிலும் டெங்குவிலும் நோய் கடுமையானவர்களிடம்தான் கொலஸ்ட்ரோல் கூடுதலாக இறங்கியிருந்தது. உடம்பு தேறி வாரங்கள் போக, அளவு பழையபடி ஏறிவிடும்.

ஆகவே காய்ச்சல் விட்டு 2 மாதமளவில் திரும்பச் சோதியுங்கள். டெங்குவில் ஈரல் பாதிக்கப்பட்டிருந்தால் வைத்தியர் சில நாட்களுக்குக் குளிசையை நிறுத்தச் சொல்லலாம். எப்போது திரும்பத் தொடங்குவது என்றும் அவரிடமே கேளுங்கள். அதேபோல, சீனி வருத்தக்காரர் இன்சுலினைத் தாமாக நிறுத்தவே கூடாது, தொற்றில் சீனி ஏறும்.

மாமி இந்தக் கிழமை கொப்பியோடு கிளினிக்குக்குப் போகிறார்.