டிசம்பர் 9 அன்று தலைமை வகித்தவர் சின்ஹா

அரசியல் நிர்ணய சபையின் முதல் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் யார் என்று ஒரு வினாடி வினாவில் கேட்டார்கள்; சின்ஹா என்ற என் மாணவியின் விடையைத் தவறு என்றார்கள். அந்த மேடையில் நடந்ததை முந்தாநாளே எழுதிவிட்டேன். இது அதற்குக் கீழே வந்த பின்னூட்டங்களுக்கான பதில்.

முதலில் ஒன்று. இந்தியாவின் அரசியலமைப்பை எழுதக் கூடிய அரசியல் நிர்ணய சபையின் முதல் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் சச்சிதானந்த சின்ஹா. என் மாணவி சொன்னது சரி. நடுவர் கையிலிருந்த அட்டையில் அம்பேத்கர் என்று அச்சாகியிருந்தது தவறு. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிற பெயர் இது. "அட்டையில் உள்ளதுதான் விடை" என்று மைக்கில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண் கையைத் தூக்கியபடியே நின்றாள்.

"இரண்டு நாள் உட்கார்ந்தவரெல்லாம் தலைவரா டீச்சர்?" என்று ஒருவர் கேட்கிறார். அந்த இரண்டு நாளை யோசித்துப் பாருங்கள். 1946 டிசம்பர் 9. முஸ்லிம் லீக் வரவில்லை. 207 பேர் வந்திருக்கிறார்கள். சபைக்கென்று தலைவர் இல்லை, நடைமுறை விதிகள் இல்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்கவே ஒருவர் தலைமை தாங்க வேண்டும். அன்றைய காங்கிரஸ் தலைவர் கிருபளானி எழுந்து, அவையிலேயே மூத்தவரான சின்ஹாவை அழைத்தார். சின்ஹாவுக்கு அப்போது வயது 75. அமெரிக்கா, சீனா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாழ்த்துகளை வாசித்தார். மற்ற நாடுகள் தங்கள் அரசியலமைப்பை எப்படி எழுதிக்கொண்டன என்று விரிவாகப் பேசினார். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள். 11ஆம் தேதி ராஜேந்திர பிரசாத் போட்டியின்றித் தேர்வானார். முதல் நாள் ஒருவர் அந்த அவையை ஒழுங்காக நடத்திக் கொடுத்ததால்தானே இது நடந்தது?

எங்கள் ஊரில் நெசவாளர் சங்கம் தொடங்கியபோது மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரு பந்தலில் உட்கார மாட்டோம் என்று நின்றன. இருப்பதிலேயே வயதானவர் என்பதற்காக என் தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். விடிய விடிய இரண்டு பக்கத்தையும் பேச வைத்து, தேர்தலை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். சங்கத்துச் சுவரில் தலைவர்கள் பெயர்ப் பலகை இன்றும் இருக்கிறது. தேர்தலில் ஜெயித்தவரிடமிருந்துதான் அது ஆரம்பிக்கிறது. தாத்தா அதைப் பற்றி வாய் திறந்து பேசியதே இல்லை. அம்மாவுக்குத்தான் கடைசிவரை ஆறவில்லை, எனக்கும் ஆறவில்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்த குற்றச்சாட்டு: அம்பேத்கரைச் சிறுமைப்படுத்துகிறேனாம். இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை வருடமாக என் வகுப்பில் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள், நான் அவரைப் பற்றி எப்படிப் பேசுவேன் என்று.

முதல் கூட்டத்தில் அம்பேத்கர் தலைவராக இல்லை, வங்காளத்திலிருந்து வந்த ஓர் உறுப்பினராக இருந்தார். பம்பாய் மாகாணத்திலிருந்து தேர்வாக வழி அடைபட்டபோது, வங்காளத்துத் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல் துணை நின்றதால் கிடைத்த இடம் அது. டிசம்பர் 17 அன்று பிரசாத் திடீரென்று அவரைப் பேச அழைத்தார். தனக்கு முன்னால் இருபது இருபத்திரண்டு பேர் இருக்கிறார்களே, இன்று அழைப்பீர்கள் என்று நினைக்கவில்லை என்று சொல்லித்தான் அம்பேத்கர் பேச்சைத் தொடங்கினார். பிரிவினையில் அந்த வங்காள இடம் பறிபோனது. அப்போது பம்பாய் முதல்வர் கேருக்குக் கடிதம் எழுதி, அம்பேத்கரை உடனே தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்னவர் அதே பிரசாத். 1947 ஆகஸ்ட் கடைசியில்தான் அரசியலமைப்பின் வரைவைத் தயாரிக்கும் வரைவுக் குழு அமைந்தது, அதற்குத்தான் அம்பேத்கர் தலைவர். இன்னொன்று, அதே ஆகஸ்ட் 10ஆம் தேதி கராச்சியில் பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியபோது தற்காலிகத் தலைவராக உட்கார்ந்தவர் இந்த மண்டல்தான்! ஒரு தலித் தலைவர். இதெல்லாம் எந்த அட்டையில் வரும்?

அம்பேத்கர் முதல் நாளே தலைவராக இருந்தார் என்று எழுதினால் அவர் பட்ட பாடு மொத்தமும் அழிந்துபோகிறது. ஒரு மாகாணத்தில் கதவு மூடி, இன்னொன்றில் நுழைந்து, அதையும் இழந்து, மறுபடி வந்து எழுதியவர் அவர். அதைச் சொல்வது எப்படிச் சிறுமையாகும்?

திட்டினவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னைப் பாராட்ட வந்தவர்களைத்தான் தாங்க முடியவில்லை. "உண்மையைச் சொன்னதற்கு நன்றி, எல்லாம் பி.என். ராவ் எழுதியது, அம்பேத்கர் கையெழுத்துதான் போட்டார்" என்று மூன்று நான்கு பேர் இதயக்குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அப்படி எங்கே சொன்னேன்? சபையின் அரசியலமைப்பு ஆலோசகர் ராவுக்கும், வரைவு எழுதும் அதிகாரி எஸ்.என். முகர்ஜிக்கும் சேர வேண்டிய பெருமையை 1949 நவம்பர் 25 அன்று அவையில் எழுந்து சொன்னவரே அம்பேத்கர்தான். வரைவுக் குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் அரசு வேலையில் மூழ்கியிருந்தார், டெல்லியில் இல்லாதவர்களும் உண்டு, கடைசியில் மொத்தச் சுமையும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று 1948இல் அதே அவையில் சொன்னவர் அதன் உறுப்பினரான நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பெருமையைப் பங்கு வைத்தவரின் பேச்சை எடுத்து அவருக்கு எதிராகவே வீசுகிறீர்கள். ஒவ்வொரு ஷரத்துக்கும் எழுந்து நின்று பதில் சொன்ன மனிதர் அவர். அவை விவாதங்கள் அச்சில் இருக்கின்றன, எடுத்துப் படியுங்கள்.

சின்ஹா பெயரைச் சொன்ன ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை அம்பேத்கர் மேல் கல்லெறியக் கருவியாக்காதீர்கள். அந்தப் பின்னூட்டங்களை நீக்கிவிட்டேன். இனிமேல் வந்தாலும் நீக்குவேன்.