ஊசிப்போனதை ஊசிப்போனது என்றே சொல்லுங்கள்

எந்தச் சாப்பாடானாலும் 'கெட்டுப்போச்சு', இல்லையென்றால் 'ஸ்மெல் வருது'. இந்த இரண்டோடு முடித்துக்கொள்கிறோம், எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். ஹோட்டலில் சாம்பார் ஸ்மெல் வருது என்றால் பெருங்காயம் தூக்கலாக இருக்கிறது என்று நினைத்துப் பேசாமல் போய்விடுகிறார்கள். ஊசிப்போச்சு என்று சொல்லிப் பாருங்கள், மாஸ்டரே வந்து மோந்து பார்ப்பார்.

ஊசல் வெறும் நாற்றம் இல்லை. மத்தியானம் வைத்த கூட்டை ராத்திரி திறந்தால் மேலே லேசாக நுரை கட்டியிருக்கும், கரண்டியைத் தூக்கினால் கொழகொழவென்று நூல் இழுக்கும், அதுதான் ஊசினது. பருப்பும் தேங்காயும் சேர்ந்த கூட்டு, சட்னி எல்லாம் முதலில் ஊசும். புளியும் எண்ணெயும் உள்ள புளியோதரை தாங்கும், அதனால்தான் கட்டுச்சோறு என்றாலே அது.

மாவு புளிக்கும், அதை யாரும் ஊசிப்போச்சு என்பதில்லை. சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றி வைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியா வேலை செய்து புளித்துப் பழைய சோறாகிறது, அதே சோற்றைச் சூட்டோடு மூடி வெளியிலேயே விட்டால் காலையில் ஊசிக்கிடக்கும். எண்ணெய், கொப்பரை, வேர்க்கடலைக்கு வருவது காறல். காற்றும் வெளிச்சமும் பட்டுக் கொழுப்பு மாறுவதால் வருகிற வாடை அது. தீபாவளி முறுக்கில் ஈரம் இல்லை, அதனால் ஊசாது, நாளானால் சிக்கு வாடைதான் அடிக்கும். அப்புறம் கவுச்சி, அது நல்ல மீனிலும் உண்டு, புளி போட்டால் அடங்கும். அதைக் கெட்டுப்போன கணக்கில் சேர்ப்பது மீனுக்குச் செய்கிற அநியாயம்.

புளித்ததைச் சாப்பிடலாம், கவுச்சியைக் கழுவிச் சமைக்கலாம், ஊசினதைக் கொட்டத்தான் வேண்டும். 'ஒரு கொதி விட்டா சரியாயிடும்' என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா சோற்றில் உண்டாக்கும் வாந்தி நச்சு கொதிக்கவைத்தாலும் அழியாது, சில சமயம் வாடையே வராமலும் இருக்கும். அதனால் மிச்சச் சோற்றை ராத்திரி முழுக்க வெளியே வைக்காமல், சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஊசினது என்று தெரிந்தும் அதை டப்பாவில் போட்டு வீட்டுவேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்தனுப்புகிற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டீர்கள் இல்லையா, அவர் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள்.