ராஜா கையெழுத்துப் போட மறுக்கலாமா?

அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட ராஜா என்றதும், "தலையாட்டிப் பொம்மைதானே, எதற்கு இந்தத் தண்டச் செலவு?" என்று கேட்பவர்கள் உண்டு. செலவுக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். என்னை வெகுநாளாக உறுத்துவது வேறு கேள்வி. மனசாட்சி இடம் கொடுக்காவிட்டாலும் அவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டுமா?

பிரிட்டனில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் கடைசியாக நிராகரித்தவர் ராணி ஆன். ஆண்டு 1708. அதுவும் அமைச்சர்கள் சொல்லித்தான். பிரதமரைத் தனியே சந்திக்கும்போது ராஜா எச்சரிக்கலாம், ஊக்கம் கொடுக்கலாம். மசோதா வந்துவிட்டால் ஒப்புதல்தான்.

பெல்ஜியத்தில் ஒருவர் மறுத்தார். 1990-இல் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட முடியாது என்றார் மன்னர் போதுவான். பக்திமிக்க கத்தோலிக்கர். அமைச்சரவை என்ன செய்தது தெரியுமா? மன்னர் ஆட்சி செய்ய இயலாத நிலையில் இருக்கிறார் என்று அறிவித்து, தானே அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டது. மறுநாள் நாடாளுமன்றம் கூடி அவரைத் திரும்பவும் மன்னராக்கியது! சிரிப்பு வருகிறதுதான். ஆனால் அவர் மனசாட்சியும் பிழைத்தது, சட்டமும் நிறைவேறியது. லக்சம்பர்க்கில் இவ்வளவு நாசூக்கு இல்லை. 2008-இல் கருணைக்கொலைச் சட்டத்துக்குக் கோமகன் ஹென்றி ஒப்புதல் தர மறுத்ததும், ஒப்புதல் என்ற அதிகாரத்தையே அரசியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் நாடாளுமன்றம் செய்ததுதான் சரி என்பேன்.

அப்படியானால் ராஜா மறுக்கவே கூடாதா? இங்கேதான் நார்வே நினைவுக்கு வருகிறது. 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை உள்ளே நுழைந்த மறுநாளே, நாஜி ஆதரவாளரான நார்வே அரசியல்வாதி குவிஸ்லிங்கைப் பிரதமராக்கு என்று மன்னர் ஏழாம் ஹாகோனுக்கு நெருக்கடி. அமைச்சர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: மக்களின், நாடாளுமன்றத்தின் நம்பிக்கை இல்லாத ஆளை என்னால் நியமிக்க முடியாது, நீங்கள் வேறு முடிவெடுத்தால் முடியைத் துறக்கிறேன். அமைச்சரவை அவர் பக்கமே நின்றது. (இவர் டென்மார்க் இளவரசர். 1905-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தினால்தான் வருவேன் என்று சொல்லி வந்தவர். ஓட்டு வாங்கி வந்த ராஜா!)

வித்தியாசம் இதுதான். போதுவானும் ஹென்றியும் நாடாளுமன்றத்தின் முடிவுக்கு எதிரே நின்றார்கள். ஹாகோன் நாடாளுமன்றத்தின் நம்பிக்கை இல்லாத ஒருவனுக்கு எதிரே நின்றார்.

இந்த அளவுகோல் எனக்குக் கைகொடுக்காத ஒரே இடம் 2019-இன் பிரிட்டன். நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கப் பிரதமர் ஜான்சன் ஆலோசனை சொன்னார், ராணி எலிசபெத் சம்மதித்தார். உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். நீதிமன்றம் இருந்ததால் ராணி மறுக்காதது தப்பில்லை என்றுதான் இதுவரை வாதாடி வந்திருக்கிறேன். ஆனால் நாடாளுமன்றத்தின் வாயையே அடைக்கும் உத்தரவு அது. ஹாகோனாக இருந்தால் சம்மதித்திருப்பாரா?