பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் உள்ள '606' வோல்டேஜ் அல்ல

"டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கும் எண் இருந்தால் அது 600 வோல்ட்டையும் தாங்கும், வீட்டு மின்சாரத்தில் அப்படியே செருகலாம்" என்றொரு செய்தி கொடைக்கானல் இசைக்கலைஞர்களிடையே வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

606 என்பது தயாரிப்பாளரின் குறியீடு. அமெரிக்காவின் ஷூமேக்கர் நிறுவனத்துக்கு உரியது; பழைய ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் இவர்களுடைய டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கும். அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், அதையடுத்த இரண்டும் வாரம். 606532 என்றால் 1965 அல்லது 1975இன் 32ஆம் வாரம். எந்தப் பத்தாண்டு என்பதை மாடலையும் மற்ற பாகங்களையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். 'ஈஐஏ' என்ற அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கத்தின் தயாரிப்பாளர் குறியீட்டுப் பட்டியலில் இதை எவரும் சரிபார்க்கலாம்.

வோல்டேஜ் ஆம்ப்ளிஃபயரின் பின்பலகையில் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்கர்கள் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் கொடைக்கானல். அவர்கள் விட்டுச்சென்ற ஆம்ப்ளிஃபயர் ஒன்று கையில் கிடைத்து, அதில் 117 வோல்ட் என்றிருந்தால், 230 வோல்ட்டில் செருகியதும் டிரான்ஸ்ஃபார்மரில் வீட்டு மின்சாரத்தை வாங்கும் முதன்மைச் சுருள் கருகிவிடக்கூடும். அரை நூற்றாண்டு தாங்கிய சுருளை இப்படி இழப்பது கொடுமை! வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே இணையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். உள்ளே கைவைக்காமல், வால்வு செட் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.