தத்துவம் வேண்டாம், பூ முழம் என்ன விலைன்னு எழுதுங்க

முகநூலில் கருத்து சொல்லாதவனுக்கு மரியாதை கிடையாது. படம் வெளியானால் அன்று மாலைக்குள் விமர்சனம் எழுத வேண்டும், தலைவர் யாராவது பேசினால் அரை மணி நேரத்தில் தீர்ப்பு சொல்ல வேண்டும். இதிலெல்லாம் சேராமல், திருச்சி காந்தி மார்க்கெட்டில் இறக்கிப் போட்ட வாழைத்தாரையும் மாடி வெயிலில் காயும் வடகத்தையும் போட்டோ எடுத்துப் போட்டு, கீழே நாலு வரி எழுதுகிறவர்களைப் பொழுது போகாத ஆட்கள் என்று ஓரங்கட்டிவிட்டார்கள். நான் அந்தப் பொழுது போகாத கட்சிதான். கட்சி சார்பாக இன்றைக்குக் கொஞ்சம் பேசிவிடலாம் என்று பார்க்கிறேன். நீளமான பதிவு, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கொள்ளிடம் பழைய பாலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: திருவானைக்காவல் பக்கத்தையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த இரும்புப் பாலம் அது. 1928-இல் கட்டியது. பக்கத்திலேயே புதுப் பாலம் வந்ததும் பழையதில் வண்டி விடுவதை நிறுத்திவிட்டார்கள். காலையில் வாக்கிங் போகிறவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிய, உபரித் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் வந்து விழுந்தது. பாலத்தின் தூண்கள் சாய்ந்தன, ஒரு பகுதி ஆற்றோடு போனது. அடுத்த சில நாளிலேயே முக்கொம்பு மேலணையில் 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்த அணை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டியது.

அந்த வாரம் டிவிக்காரர்கள் சாய்ந்த தூணை எல்லாக் கோணத்திலும் எடுத்தார்கள். விழுந்த பாலத்துக்குப் படம் ஏராளம். நின்றுகொண்டிருந்த பாலத்துக்கு? நண்பர்கள் பக்கங்களில் தேடிப் பார்த்தபோது கிடைத்ததெல்லாம் யாரோ எதற்கோ எடுத்த படங்கள். காலேஜ் பையன்கள் கும்பலாக எடுத்த செல்பி, அதில் பின்னால் பாலத்தின் இரும்புச் சட்டம். தெரிந்த அக்கா ஒருவர் வாக்கிங் போனபோது எடுத்தது, கீழே "இன்னிக்கு முட்டி வலி, பாதியிலேயே திரும்பிட்டேன்" என்ற வரி. பாலத்தை எடுக்கவேண்டும் என்று யாருமே எடுக்கவில்லை. ஆனால் அந்த முட்டிவலிப் படத்தில்தான் காலை ஆறு மணிக்கு அங்கே எத்தனை பேர் நடந்தார்கள், கைப்பிடியில் சாய்ந்து நின்று ஆற்றைப் பார்க்க எவ்வளவு இடம் இருந்தது, ஆற்றில் தண்ணீருக்குப் பதில் நாணல் எப்படி மண்டிக் கிடந்தது எல்லாம் தெரிகிறது. இன்று அந்தப் பாலம் இல்லை, இடித்தாகிவிட்டது. அக்காவின் பதிவுக்கு அன்று ஏழெட்டு லைக் விழுந்திருந்தால் அதிகம்.

புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761-இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸுக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் இடையாளாக இருந்த பெரிய மனிதர், போர்களையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஆனால் அவர் எழுதி வைத்ததில் நிறைய அன்றாடம்தான். என்ன கப்பல் வந்தது, யார் யாரைப் பார்க்கப் போனார்கள், யாருக்கு என்ன மரியாதை நடந்தது, ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள். அதுவும் பேச்சு வழக்குத் தமிழில். சரித்திரம் எழுதுகிறேன் பேர்வழி என்று அவர் உட்கார்ந்திருந்தால் நமக்கு இன்னொரு புகழ்மாலை கிடைத்திருக்கும், அவ்வளவுதான். ("நீ என்ன ஆனந்தரங்கம் பிள்ளையா" என்று கேட்கப் போகிறீர்கள். இல்லை. அவருக்குத் துறைமுகம் இருந்தது, எனக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு.)

இப்போது என் கட்சிக்காரர்களிடமே ஒரு சண்டை போடவேண்டியிருக்கிறது. படம் போடுகிறீர்கள், சரி. கீழே என்ன எழுதுகிறீர்கள்? அந்திச் சூரியனுக்குக் கீழே "வாழ்க்கை ஒரு பயணம்". மல்லிகைப் பூவுக்குக் கீழே "அழகு நிலையற்றது". மழைக்குக் கீழே அநேகமாக ஒரு கவிதை. ஐயா, அம்மா, இது எதற்கு? எந்த ஊர்ச் சூரியனுக்கும் இது பொருந்தும். பூக்காரம்மா இன்றைக்கு முழம் என்ன விலை சொன்னார், நீங்கள் எவ்வளவுக்குக் கேட்டீர்கள், முகூர்த்த நாள் என்பதால் அவர் இறங்கி வரவில்லையா, அவர் கையால் அளக்கும் முழம் உங்கள் கைக்கு எவ்வளவு குறைகிறது, இதை எழுதுங்கள். எழுதி முடித்தபிறகும் மனசில் ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் எழுதுங்கள். அப்படி வரும் நினைப்புக்கு ஒரு கால் தரையில் இருக்கும். நான் விரும்பிப் படிக்கும் பக்கங்கள் எல்லாமே அப்படிப்பட்டவை. பெரம்பலூர்ப் பக்கம் ஒருவர் தன் மக்காச்சோளக் காட்டைப் பற்றி வாரம் ஒருமுறை எழுதுவார், படைப்புழு வந்த வருஷம் அவர் எழுதியதைப் படித்துவிட்டு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

எழுத்தில்லாத படத்துக்கு என்ன கதி என்பது எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் தெரியும். ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். பின்னால் திரையில் வரைந்த தூணும் படிக்கட்டும், முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குடும்பம். பெரியம்மா இருந்தவரை விரல் வைத்துச் சொல்வார்: இது அரியலூர்ச் சித்தப்பா, இது அவர் மச்சினி, இவள் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். பெரியம்மா போனபிறகு பின்வரிசை முழுக்க "யாரோ". பென்சிலால் பின்பக்கம் நாலு பெயரை எழுதி வைத்திருந்தால் போதும். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பிலிம் காலத்தில் ரோலுக்கு 36 படம்தான், கழுவிப் பிரிண்ட் போடத் தனிக் காசு, அதனால் கல்யாணமும் காதுகுத்தும்தான் எடுத்தார்கள். அடுப்படியை யாராவது எடுத்திருக்கிறார்களா? அம்மா அம்மியில் உட்கார்ந்து அரைக்கும் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. பட்டுச்சேலையில் விறைப்பாக நிற்கும் அம்மாதான் எல்லாவற்றிலும்.

இப்போது காசு பிரச்சினை இல்லை, எதையும் எடுக்கலாம். அதனால்தான் வேறு தொல்லை. மீன் மார்க்கெட்டில் செதில் சீவுகிற அம்மாவை அவருக்கே தெரியாமல் எடுத்து "உழைப்பின் அழகு" என்று போடுகிறார்கள். அந்த அம்மாவின் மகன் காலேஜில் படிக்கலாம், இதை யாராவது அவனுக்கு அனுப்பலாம். ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? பெரும்பாலும் சிரித்துக்கொண்டே "எடுத்துக்கப்பா" என்பார்கள், சேலையைச் சரிசெய்துகொள்ள அரை நிமிஷம் கேட்பார்கள். "வேணாம்"னா வேண்டாம். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கறாராக இருக்கலாம். குளிக்கிற படம், அழுகிற படம், மார்க் ஷீட், பள்ளிக்கூடப் பெயரோடு யூனிபார்ம், இவை நம் சந்தோஷத்துக்கு நாம் போடுபவை, பிள்ளையைக் கேட்டுப் போடுபவை அல்ல. 2023-இல் வந்த நம் ஊர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லாரையும் குழந்தை என்கிறது. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே பேரன் படம் போடும் தாத்தாவைப் பேரன்தான் தடுக்கவேண்டும், அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

அடுத்தது, போட்டு வைத்தால் இருக்கும் என்ற நம்பிக்கை. முகநூல் மாதிரியே இருந்த ஆர்குட் ஞாபகம் இருக்கிறதா? 2004-இல் வந்தது, 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி கதவைச் சாத்தினார்கள். படங்களை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள்தான், எத்தனை பேர் எடுத்தோம்? முகநூலே 2025 பிப்ரவரியிலிருந்து லைவ் வீடியோவை 30 நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஊர்த் திருவிழாவில் சாமி புறப்பாட்டை லைவ் போட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தால் அது போயே போச்சு. செட்டிங்ஸில் போனால் நம் படங்கள், பதிவுகள் அத்தனையையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இதையும் செய்துவிடுங்கள்.

இன்னொரு கூத்தும் சேர்ந்திருக்கிறது. போன வருஷம் வீட்டுக்கு வீடு ஏஐயிடம் முகத்தைக் கொடுத்து, பழைய சினிமாக் கதாநாயகி மாதிரி சிவப்புச் சேலையில் காற்றில் முந்தானை பறக்க நின்றார்கள். அழகாகத்தான் இருந்தது, நானும் நாலு பேருக்கு லைக் போட்டேன். ஆனால் அந்தச் சேலை எந்தக் கடையிலும் எடுத்ததில்லை, அந்தக் காற்று எந்த ஊரிலும் அடித்ததில்லை. பத்து வருஷம் கழித்துப் பார்க்கிற பேத்தி "பாட்டி, இது எங்க எடுத்தது?" என்று கேட்டால் என்ன சொல்வது?

காந்தி மார்க்கெட்டை இடம் மாற்றுவது பற்றிப் பல வருஷமாகப் பேச்சு ஓடுகிறது. கள்ளிக்குடியில் வளாகமே கட்டினார்கள், வியாபாரிகள் போக மறுத்துவிட்டார்கள். இப்போது பஞ்சப்பூர் என்கிறார்கள். மாறுவது நல்லதா கெட்டதா என்று கருத்து சொல்ல ஆள் இருக்கிறது. எனக்கு வேண்டியது வேறு. இந்த வாரம் அங்கே போகிறவர்கள் ஆளுக்கு ஒரு படம் எடுத்துப் போடுங்கள். வெங்காய மண்டி எந்தச் சந்தில், உங்கள் வாடிக்கைக் கடைக்கு எந்தப் பக்கம் திரும்பவேண்டும், கீரைக்காரம்மா எத்தனை மணிக்குக் கடை போடுகிறார், வண்டியை எங்கே நிறுத்தித் திட்டு வாங்கினீர்கள், எழுதிவிடுங்கள். தேதியும் போடுங்கள். சின்ன வெங்காயம் கிலோ என்ன விலை என்பதை மறக்காதீர்கள், அதை எனக்கு உடனடியாகவே தெரியவேண்டும்.